கடைவாய்ப் பல் வலி: காரணங்களும் சிகிச்சையும்



வீட்டில் ஒருவருக்குப் பல் வலி வந்தால், அன்று இரவு அந்த வீட்டில் யாருக்குமே தூக்கமில்லை. இது நீங்கள் அறிந்ததே. நம் கொல்லிமலையில் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய ஒன்றை நினைத்துப் பாருங்கள். காப்பித் தோட்ட வேலை முடித்து வந்த மனைவி, கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏனுங்க, கடவாப்பல்லு விண்ணு விண்ணுனு தெறிக்குது. காது வரைக்கும் இழுக்குது."

"ரெண்டு நாளு பொறுத்துக்க புள்ள. தானா அமுங்கிடும். இதுக்குப் போயி ஆஸ்பத்திரிக்கு அலையணுமா?"

கணவர் சொன்னபடியே மூன்றாம் நாள் வலி நின்றுவிட்டது. இருவருக்கும் நிம்மதி. ஆனால் இருபது நாள் கழித்து ஒரு விடியற்காலையில் அவளுடைய தாடை வீங்கிவிட்டது. குளிர் காய்ச்சல். வாயைத் திறக்க முடியவில்லை. எச்சில் விழுங்கவும் முடியவில்லை. அந்த நிலையில் அவளை மலையிலிருந்து கீழே கொண்டு போகவேண்டும். காரவள்ளிச் சாலையில் மட்டும் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன.

முதல் வாரத்திலேயே பகலில் பஸ் ஏறிப் போய் முடித்து வந்திருக்கக்கூடிய காரியம், இப்போது உயிருக்கே ஆபத்தாக வந்து நிற்கிறது. ஏன் இப்படி ஆயிற்று? வலி நிற்பது வேறு, நோய் தீர்வது வேறு. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதித் துன்பத்தைத் தவிர்த்துவிடலாம். அதைத்தான் இங்கே விளக்கிக் கூறுகிறோம்.

கடைவாயில் என்ன இருக்கிறது?

குழந்தைக்குப் பால் பற்கள் 20. வளர்ந்தவர்களுக்கு நிலையான பற்கள் 32. இவற்றில் உணவை அரைக்கும் அகலமான பற்களே கடைவாய்ப் பற்கள்.

நிலையான கடைவாய்ப் பற்களில் முதலாவது சுமார் 6 வயதில் முளைக்கிறது. இரண்டாவது சுமார் 12 வயதில் வருகிறது. மூன்றாவதுதான் ஞானப்பல். அது பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் எட்டிப் பார்க்கும். சிலருக்கு அது முளைப்பதே இல்லை. அதனால் ஒன்றும் குறைவில்லை.

பெற்றோர் இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். 6 வயதில் வரும் கடைவாய்ப் பல், எந்தப் பால் பல்லும் விழாமலே எல்லாவற்றுக்கும் பின்னால் தனியாக முளைக்கும். "பால் பல்லுதானே, விழுந்து முளைச்சிடும்" என்று விட்டுவிடுகிறோம். அது விழுந்து முளைக்கும் பல் அல்ல. அதுதான் கடைசிவரை இருக்கவேண்டிய பல்.

வலி எங்கிருந்து வருகிறது?

கடைவாய் வலி என்பது ஒரே நோய் அல்ல. காரணங்கள் பல. சிகிச்சையும் காரணத்திற்கேற்ப மாறும்.

1. சொத்தை. இதுதான் அதிகம் காணப்படுவது. "பல்லுல பூச்சி விழுந்திருக்கு" என்று சொல்வது நம் வழக்கம். கண்டங்கத்தரி விதையைச் சுட்டுப் புகை பிடித்தால் பூச்சி உதிரும் என்றும் சொல்வார்கள். உண்மையில் பல்லைக் குடைவது புழுவோ பூச்சியோ அல்ல. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள், நாம் தின்னும் இனிப்பையும் மாவுப் பண்டத்தையும் புளிக்கவைத்து அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேல் ஓட்டைக் கரைக்கிறது. புகையால் அந்தக் குழி அடைபடாது.

சொத்தை படிப்படியாக வளரும். முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். பிறகு சூடான காப்பி குடித்தால் வலி வந்து நெடுநேரம் நிற்கும். அடுத்து, இரவில் படுத்தவுடன் தானாகவே தெறிக்கும். குழி பல்லின் நடுவே உள்ள நரம்பை எட்டிவிட்டது என்பதற்கு இது அறிகுறி. அதன்பின் ஒரு நாள் வலி சட்டென்று நின்றுவிடலாம். பல் சரியாகிவிட்டது என்று நினைக்கக்கூடாது. உள்ளே இருந்த நரம்பு செத்துவிட்டது, அதனால் வலி தெரியவில்லை. கிருமியோ வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் பிடிக்கிறது. மேலே சொன்ன மனைவிக்கு இதுதான் நடந்தது.

2. ஞானப்பல். தாடையில் இடம் போதாவிட்டால் இந்தப் பல் பாதி வெளியே, பாதி ஈறுக்குள்ளே என்று மாட்டிக்கொள்ளும். அதன்மேல் ஈறு ஒரு மூடி போல் கிடக்கும். சாமைச் சோறும் களியும் அந்த மூடிக்கு அடியில் தங்கும். தங்கியது அழுகி ஈறு வீங்கும். வாயைத் திறந்தால் வலிக்கும், விழுங்கினால் வலிக்கும், காதுக்குள் இழுக்கும், வாய் நாற்றம் அடிக்கும். இளம் வயதுத் தம்பதியருக்கு வரும் கடைவாய் வலிக்கு இது ஒரு முக்கிய காரணம்.

3. ஈறு நோய். பல்லில் படியும் அழுக்கு காரையாக இறுகி ஈறைக் கெடுக்கிறது. பல் தேய்க்கும்போது இரத்தம் கசியும், பல் ஆடும், இடுக்கில் சீழ் வரும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது விரைவாக முற்றும். புகை பிடிப்பவர்களுக்கும் புகையிலை போடுபவர்களுக்கும் அப்படியே.

4. புகையிலை, பாக்கு. காடு கழனியில் வேலை செய்யும்போது வெற்றிலை பாக்கோடு புகையிலையைக் கடைவாயில் அடக்கிக்கொள்வது ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. பாக்குகூட, புகையிலை சேராமலே, புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் அறிவித்தது. அடக்கி வைக்கும் இடத்தில் கன்னத்தின் உள்தோல் வெளுத்து நார் போல் இறுகும். காரம் பட்டால் எரியும். நாளடைவில் வாய் திறப்பது குறையும். உங்கள் கையின் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் டாக்டரிடம் காட்டவேண்டும். ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. "வலிதான் இல்லையே" என்பது இங்கே பெரும் ஏமாற்று.

5. பல்லில் கோளாறு இல்லாத வலி. சளி பிடித்திருக்கும்போது மேல் கடைவாய்ப் பற்கள் பலவும் சேர்ந்து வலித்து, குனிந்தால் முகம் கனத்தால், அது மூக்கை ஒட்டிய எலும்பு அறைகளில் சளி அடைத்ததால் இருக்கலாம். காதுக்கு முன்னால் தாடை மூட்டு 'டக் டக்' என்று சத்தம் போட்டு, காலையில் எழுந்ததும் வலித்தால், தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் வழக்கம் இருக்கலாம். மேடு ஏறும்போது தாடை வலித்து, கூடவே நெஞ்சை அழுத்தி வியர்த்தால், அது பல் வலியே அல்ல, மாரடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். உடனே 108-க்குப் பேசுங்கள்.

ஒருவர் வாயை ஒருவர் பாருங்கள்

தன் கடைவாயைத் தானே பார்ப்பது கடினம். அதற்குத்தான் துணை இருக்கிறது. மாதம் ஒரு முறை, காலை வெயிலில் திண்ணையில் உட்காருங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு, சுத்தமான கரண்டிக் காம்பால் கன்னத்தை விலக்கி ஒருவர் வாயை ஒருவர் பாருங்கள். இதில் வெட்கம் எதற்கு? பல்லில் கருப்புக் குழி இருக்கிறதா, ஈறு சிவந்து வீங்கியிருக்கிறதா, ஈறில் சீழ்க் கொப்புளம் இருக்கிறதா, கடைசியில் பாதி முளைத்த பல் இருக்கிறதா, கன்னத்திலும் நாக்கின் ஓரத்திலும் புண்ணோ திட்டோ இருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு குழந்தைகளையும் கூப்பிட்டுப் பாருங்கள். எது தெரிந்தாலும் வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

இரவில் வலி வந்தால்

விடியும்வரை சமாளிக்கச் சில வழிகள் உண்டு. இவை நோயைத் தீர்க்கா. வலியைக் குறைக்கும், அவ்வளவே.

ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புக் கரைத்து, வலிக்கும் பக்கம் நிறுத்திக் கொப்பளித்துத் துப்புங்கள். இடுக்கில் சிக்கியிருக்கும் உணவை மெதுவாக எடுத்துவிடுங்கள். கடையில் கிடைக்கும் கிராம்பு ஒன்றை அந்தப் பல்லில் மெல்லக் கடித்துக்கொள்ளலாம். சிறு குழந்தைகளுக்கு இது வேண்டாம். வீக்கம் இருந்தால் குளிர்ந்த ஈரத்துணியைக் கன்னத்தின் வெளியே வையுங்கள். தலையைச் சற்று உயர்த்திப் படுங்கள்.

வளர்ந்தவர்கள் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை ஒன்று விழுங்கலாம். போதாவிட்டால் இரண்டு. அடுத்த வேளைக்கு 6 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஒரு நாளில் 8 மாத்திரைக்கு மேல் கூடவே கூடாது. மிகவும் மெலிந்தவர்களும், கல்லீரல் கோளாறு உள்ளவர்களும், சாராயம் குடிப்பவர்களும் செவிலியரைக் கேட்ட பிறகே போடவேண்டும். குழந்தைக்கு எடைக்கு ஏற்ற அளவை மருத்துவ ஊழியரிடம் கேட்டே கொடுங்கள்.

செய்யக்கூடாதவை

புகையிலையையோ மண்ணெண்ணெயையோ பல்லில் வைக்காதீர்கள். மாத்திரையைப் பொடித்து ஈறில் அப்பினால் ஈறு வெந்து புண்ணாகும். வீங்கிய கன்னத்தில் சூடான தவிட்டு மூட்டை ஒத்தடம் வேண்டாம். கடையில் வாங்கும் 'செட் மாத்திரை'யை நம்பாதீர்கள். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். போன முறை மிச்சமான கிருமிக்கொல்லி மாத்திரையைத் தானாக எடுத்துப் போடுவதும் தவறு. சீழுக்குக் காரணமான பல்லைக் கவனிக்காமல் மாத்திரை மட்டும் போட்டால், வீக்கம் வற்றி மறுபடியும் வரும். படிக்காதவரிடம் பல் பிடுங்கிக்கொள்வது மிகவும் ஆபத்து. சுத்தமில்லாத கருவியால் இரத்தம் மூலம் பரவும் மஞ்சள் காமாலைகூட வரலாம்.

டாக்டர் என்ன செய்வார்?

"ஆஸ்பத்திரிக்குப் போனா பல்லைப் பிடுங்கிடுவாங்க" என்ற பயம் பலருக்கு உண்டு. சீக்கிரம் போகிறவருக்குப் பல்லைப் பிடுங்கவேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. குழி சிறியதாக இருந்தால் சுத்தம் செய்து அடைத்துவிடுவார்கள். குழி நரம்பை எட்டியிருந்தால், உள்ளே சுத்தம் செய்து அடைக்கும் வேர்ச் சிகிச்சை உண்டு. பல் மீட்க முடியாதபடி கெட்டிருந்தால் மட்டுமே எடுப்பார்கள். சீழ் இருந்தால் அதற்கு வழி செய்து வெளியேற்றுவார்கள். ஈறு நோய்க்குக் காரையைச் சுரண்டிச் சுத்தம் செய்வார்கள். "காரை எடுத்தா பல்லு ஆடும்" என்பது சரியல்ல. பல்லை ஆட்டுவது ஈறு நோய்தான்.

ஞானப்பல்லுக்கு ஈறு மூடியின் அடியில் கழுவிவிட்டு, தேவையானால் மருந்து கொடுப்பார்கள். வீக்கம் வற்றியபின் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, அடிக்கடி தொந்தரவு தரும் பல்லை எடுப்பார்கள். தொந்தரவு செய்யாத ஞானப்பல் எல்லாவற்றையும் எடுக்கவேண்டும் என்பதில்லை.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்று பயப்படவேண்டாம். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகே பல் எடுப்பார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய், இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, மருந்து ஒவ்வாமை இவற்றில் எது இருந்தாலும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பல் எடுத்தபின் பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் கடித்துக்கொண்டிருங்கள். அன்று முழுதும் வாய் கொப்பளிக்கவோ காறித் துப்பவோ கூடாது. அந்தக் குழியில் உறையும் இரத்தமே புண்ணுக்கு மூடி. அது பெயர்ந்துவிட்டால் மூன்று நான்கு நாளில் கடும் வலி வரும். ஆறிய கஞ்சி, மசித்த சோறு சாப்பிடலாம். மறுநாள் முதல் உப்புத் தண்ணீரால் மெதுவாகக் கொப்பளியுங்கள். புகை, புகையிலை, சாராயம் தொடவே வேண்டாம். இரத்தம் நிற்காவிட்டால் சுத்தமான துணியை மடித்து மறுபடி கடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்புங்கள்.

கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும்

"புள்ள எலும்புக்கு அம்மா பல்லுல இருந்து சுண்ணாம்பு போகுது, அதான் பல்லு போகுது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்படி இல்லை. கர்ப்ப காலத்தில் உடலில் ஏற்படும் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கி இரத்தம் கசியும். அடிக்கடி வாந்தி எடுப்பதால் வயிற்று அமிலம் பல்லை அரிக்கும். வாந்தி எடுத்தவுடன் தண்ணீரால் கொப்பளியுங்கள். அரை மணி கழித்துப் பல் தேயுங்கள்.

கர்ப்பிணி பல் வைத்தியம் செய்துகொள்ளக்கூடாது என்பதும் தவறு. நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை அதற்கு வசதியான காலம். சீழ், வீக்கம், காய்ச்சல் இருந்தால் எந்த மாதமானாலும் தள்ளிப்போடக்கூடாது. எத்தனை மாதம் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். கடையில் வலி மாத்திரை வாங்கித் தானாகப் போடாதீர்கள். கர்ப்பிணிக்கு ஆகாத வலி மாத்திரைகளும் கிருமிக்கொல்லிகளும் உண்டு. பாலூட்டும் தாய் மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டாலும் குழந்தைக்குப் பால் கொடுக்கலாம்.

கணவர்களுக்கு ஒரு வார்த்தை. "இந்த வேலை முடியட்டும், மொளகு பறிச்ச பெறகு பாத்துக்கலாம்" என்று பெண்கள் தங்கள் வலியைத் தள்ளிப்போடுவார்கள். வீட்டில் அடுப்பும் பிள்ளையும் மாடும் காத்திருக்கும்போது அவர்களாகப் "போகணும்" என்று சொல்லத் தயங்குவார்கள். நீங்கள்தான் முந்திக்கொண்டு, "புள்ளைகளை நான் பாத்துக்கறேன், நீ கெளம்பு" என்று சொல்லவேண்டும். முடிந்தால் கூடவே போய் வாருங்கள்.

உடனே 108-ஐ அழைக்கவேண்டிய அறிகுறிகள்

வீக்கம் தாடைக்கு அடியிலோ கழுத்திலோ கண் பக்கமோ பரவுதல். நாக்கின் அடிப்பகுதி வீங்கி நாக்கு மேலே தூக்கிக்கொள்ளுதல். எச்சில் விழுங்க முடியாமல் வழிதல். மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல். நடுக்கத்துடன் காய்ச்சல். வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காமை.

இவற்றில் ஒன்று இருந்தாலும் காலை பஸ்ஸுக்குக் காத்திருக்காதீர்கள். வீக்கம் மூச்சுக் குழாயை அடைக்கக்கூடும். 108 ஆம்புலன்ஸ் இலவசம்.

மற்ற வலிகளுக்கு உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ செம்மேடு அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். பல் டாக்டர் என்றைக்கு, எங்கே பார்ப்பார் என்பதை அங்கேயே கேட்டுக்கொண்டு போனால் ஒரு நாள் அலைச்சல் மிச்சம். பெரிய சிகிச்சை வேண்டுமானால் அவர்களே நாமக்கல்லுக்கு எழுதிக் கொடுப்பார்கள். அங்கே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது.

வராமல் காப்பது

காலையில் ஒரு முறை, இரவு படுக்கும்முன் ஒரு முறை பல் தேய்க்கவேண்டும். இரண்டில் முக்கியமானது இரவுதான். ஃபுளோரைடு சேர்ந்த பற்பசை நல்லது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவும், ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும் போதும். வேப்பங்குச்சி பழகியவர்கள் நன்றாக மென்று மிருதுவாக்கித் தேய்க்கலாம். ஆனால் கடைசிப் பல்வரை அது எட்டவேண்டும். செங்கல் தூள், மணல், கரித்தூள் இவை பல்லைத் தேய்த்துவிடும்.

பலாவும் வாழையும் அன்னாசியும் நம் மலையின் செல்வம். தாராளமாகச் சாப்பிடுங்கள், பிறகு வாய் கொப்பளியுங்கள். கடை மிட்டாயையும் ஒட்டிக்கொள்ளும் பிஸ்கட்டையும் பிள்ளைகளுக்கு நொறுக்குத் தீனியாக நாள் முழுதும் கொடுக்காதீர்கள். பால் புட்டியை வாயில் வைத்தபடி குழந்தையைத் தூங்கவிடாதீர்கள். புகையிலையையும் பாக்கையும் இருவரும் ஒன்றாக விட்டுவிடுங்கள். ஒருவர் மட்டும் விட்டு மற்றவர் மென்றுகொண்டிருந்தால், விட்டவருக்கும் கை நீளும்.

அந்த வீட்டுக்குத் திரும்பி வருவோம். ஆஸ்பத்திரியில் சீழை வெளியேற்றி, மருந்து கொடுத்து, கெட்ட பல்லை எடுத்தார்கள். அவள் பிழைத்தாள். வீடு திரும்பியபின் ஒரு நாள் மூத்த மகன், "அப்பா, தண்ணி குடிச்சா பல்லு கூசுது" என்றான். இந்தத் தடவை "பொறுத்துக்க" என்று அவர் சொல்லவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே பையனை அழைத்துக்கொண்டு போனார். சின்னக் குழி. அன்றைக்கே அடைத்து அனுப்பிவிட்டார்கள். 6 வயதில் முளைத்த அந்தப் பல் பையனுக்கு நிலைத்தது.

தம்பதியரே, இன்று மாலை இதை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுங்கள். நாளைக் காலை வெயில் வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து, "எங்கே, ஆ காட்டு" என்று தொடங்குங்கள்.